ஐம்பத்தொரு முத்திரைகள்

தன் கையெழுத்தே தன்னைத் தேடி வீட்டுக்கு வருவதைப் போல எரிச்சலான விஷயம் உலகத்தில் வேறொன்று இருக்க முடியாது. எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவின் நாற்பத்து மூன்று கட்டுரை நோட்டுகளை ஒரு கையிலும், பெங்களூர் காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் வாங்கிய பீன்ஸை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு சாந்தகுமாரி முழங்கையால் கதவைத் தள்ளியபோது, அந்த உறை தரையில் கிடந்தது. அவளே வாங்கிய உறை. விலாசமும் அவளே எழுதியது. ‘எஸ்’ என்ற எழுத்தின் வாலை இரண்டு சுற்றுச் சுற்றி விடுகிற அந்த அசட்டுப் பழக்கமும் அவளுடையதுதான். மூலையில் ஒட்டியிருந்த ராணி தலை போட்ட தபால்தலை மட்டும் லண்டன்காரர்களுடையது. இப்படி ஏழு உறைகள் ஏற்கெனவே வந்துவிட்டன. ஏழிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு அச்சடித்த துண்டுச் சீட்டு இருந்தது. அனுப்பியதற்கு நன்றி, எங்கள் பட்டியலுக்குப் பொருந்தவில்லை, வேறிடத்தில் வெற்றிபெற வாழ்த்துகள். கல்யாணச் சத்திரத்துப் பந்தியில் இடமில்லை, அடுத்த பந்திக்கு வாருங்கள் என்பதைக்கூட இதைவிடக் கொஞ்சம் முகம் பார்த்துச் சொல்வார்கள்.

நோட்டுகளை மேஜைமேல் போட்டுவிட்டு, நின்றபடியே உறையைக் கிழித்தாள். உள்ளே துண்டுச் சீட்டு இல்லை. முழுத்தாள், தட்டச்சு செய்தது, அடியில் நீல மையில் பெர்னார்ட் என்ற கையெழுத்து. நான்கு வருஷம் எழுதிய நாவல், பன்னிரண்டு ஏஜெண்டுகளின் பட்டியல், அதில் பதினொன்று போய்விட்டது. இந்தப் பன்னிரண்டோடு சரி, அதற்குமேல் லண்டனையும் நாவலையும் சேர்த்து மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடுவது என்று போன ஜூன் மாதமே முடிவு செய்திருந்தாள். முதன்முறையாக ஒரு மனிதன் அவளுக்கென்று தட்டச்சு மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறான்.

முதல் பத்தி நாவலைப் பற்றி. கவனத்தோடு எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் வருத்தத்துடன் மறுக்கிறோம். இரண்டே வரி. இரண்டாவது பத்தி பெரியது. ‘ஆனால் உடன் வந்த திரு. உத்தமனின் கடிதமும், ஒவ்வொரு பக்கத்திலும் இருந்த முத்திரையும் எங்கள் அலுவலகம் முழுவதற்கும் அளவில்லாத ஆனந்தத்தைக் கொடுத்தன. அந்தக் கடிதத்தை எங்கள் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம். அந்தப் பாத்திரத்தை நேரில் பார்வையிடலாம் என்ற அழைப்பை நாங்கள் விசேஷமாகப் போற்றுகிறோம். தயவுசெய்து அவரிடம் சொல்லுங்கள்.’

கணவர் எழுதிய எந்தக் கடிதம்? என்ன முத்திரை? எந்தப் பாத்திரம்? சாந்தகுமாரி பீன்ஸ் பையின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

இந்த ஏஜெண்டு விவகாரத்தை ஆரம்பித்து வைத்தவர் முன்வீட்டு டெஸ்மண்ட். இவர்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆலோசனை சொல்வதிலிருந்து மட்டும் ஓய்வு பெறவில்லை. சாந்தகுமாரி நாவல் எழுதியிருக்கிறாள் என்று தெரிந்த அன்றே, லண்டனிலிருக்கும் தன் தங்கைக்கு எழுதி, அங்கே பதிப்பகத்தார் யாருடைய கைப்பிரதியையும் நேராகத் தொடுவதில்லை, நடுவில் ஒரு ஏஜெண்டு படித்துப் பிடித்துப்போய்க் கொண்டுபோனால்தான் உண்டு என்ற தகவலை வரவழைத்தார். கூடவே ஒரு பத்திரிகைக் கட்டுரையும் பன்னிரண்டு விலாசங்களும் வந்தன. ஏஜெண்டு தேடும் எழுத்தாளர்களுக்குப் பத்து யோசனைகள். அதை ஜெராக்ஸ் எடுத்து அவள் சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டினாள். பருப்பு டப்பாவை எடுக்கும்போதெல்லாம் பத்து யோசனைகளும் முகத்தில் வந்து இடிக்கும். இரட்டை இடைவெளி விட்டு அச்சிடுங்கள். முதல் மூன்று அத்தியாயம் மட்டும் அனுப்புங்கள். கடிதம் ஒரே பக்கம் இருக்கட்டும். குண்டூசி குத்தாதீர்கள், புகைப்படம் வைக்காதீர்கள், பரிசுப் பொருள் அனுப்பாதீர்கள். ஆறாவது யோசனைக்குக் கீழே மட்டும் அந்தக் கட்டுரைக்காரர் கோடு போட்டிருந்தார். உங்களுக்காக வேறு யாரும் பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டாம், முக்கியமாகக் குடும்பத்தினர்.

அவள் எல்லாவற்றையும் கேட்டாள். வாத்தியார் வேலை பார்ப்பவர்களுக்கு விதி என்று ஒன்று கிடைத்துவிட்டால் ஒரு நிம்மதி. பள்ளிக் கம்ப்யூட்டர் அறையில் சனிக்கிழமைகளில் உட்கார்ந்து தட்டச்சு செய்தாள். ஆங்கிலத்தில்தான் எழுதினாள். கன்டோன்மென்ட் பள்ளிகளில் படித்தவளுக்குத் தமிழ் வாயில் இருந்தது, கையில் இல்லை. கதை மட்டும் தங்கவயலுடையது. அவள் தங்கவயலில் ஒரு நாள்கூட வாழ்ந்ததில்லை. மாமியார் கடைசி மூன்று வருஷம் இவர்களோடு இருந்தபோது, மதியங்களில் சொல்லிச் சொல்லி அடுக்கிவைத்துவிட்டுப் போனது. சுரங்கத்தில் ஷிப்டு மாறும் நேரத்தில் ஊதுகிற சங்கு, ஒரு நாள் சம்பந்தமில்லாத நேரத்தில் ஊதுகிறது. கணவன் மறந்துவிட்டுப்போன தூக்குப் பாத்திரத்தோடு ஒருத்தி சுரங்க வாயிலுக்கு ஓடுகிறாள். அங்கே போன பின்னும் அந்தச் சோறு ஆறிவிடக் கூடாதே என்று முந்தானையால் சுற்றிப் பிடித்தபடி இரவு முழுக்க நிற்கிறாள். இதுதான் நாவலின் நடுக்கண்டம். அந்த ஒருத்தி உத்தமனின் அம்மா. கீழே போனவர் உத்தமனின் அப்பா. இதை எழுதியதைப் பற்றி சாந்தகுமாரி கணவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவரும் என்ன எழுதுகிறாய் என்று கேட்டதில்லை. மகள் அனுஷா கோயமுத்தூர் ஹாஸ்டலுக்குப் போனபின் காலியான அறையில் அவள் எழுதுவாள். அவர் வாசலில் நின்று, “டீ வேணுமா?” என்பதோடு சரி.

அப்புறம் எட்டாவது யோசனை இருந்ததே, அங்கேதான் உத்தமன் உள்ளே நுழைந்தார். பதில் உறைக்கு நம் ஊர்த் தபால்தலை லண்டனில் செல்லாது, அதனால் அங்கே கொடுத்துத் தபால்தலை வாங்கிக்கொள்ளும் சர்வதேசப் பதில் கூப்பனைத் தபால் நிலையத்தில் வாங்கி வைக்க வேண்டும் என்றது எட்டாவது யோசனை. காக்ஸ் டவுன் தபால் நிலையத்தில் கேட்டால், அப்படி ஒரு வஸ்துவைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள். லிங்கராஜபுரத்தில், மணியார்டருக்குத்தான் கூப்பன் உண்டு என்றார்கள். உத்தமனுக்கு, ஊரின் தலைமைத் தபால் நிலையமான ஜி.பி.ஓ. பக்கத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் சூப்பரின்டென்டெண்ட் வேலை. அவர் மூன்று மதிய இடைவேளைகள் ஜி.பி.ஓ.வில் ஒவ்வொரு கவுண்டராக நின்று, நான்காம் நாள் அந்தக் கூப்பனைப் பிடித்துக் கொண்டுவந்தார். சண்டையில் ஜெயித்தவர் மாதிரி இருந்தது முகம். அன்றிலிருந்து தபால் அவர் பொறுப்பு. கூப்பனை உள்ளே வைத்துத்தான் உறையை ஒட்ட வேண்டும் என்பதால், சாந்தகுமாரி ஒவ்வொரு முறையும் உறையை ஒட்டாமல் அவரிடம் கொடுத்தாள்.

ஒட்டாமல் கொடுத்தாள்! அவள் எழுந்து படுக்கையறைக்குப் போய் அவருடைய இரும்பு அலமாரியைத் திறந்தாள். வருமான வரி, வாடகை ரசீது, அனுஷா படிப்பு என்று முதுகில் எழுதிய கோப்புகளின் வரிசையில் கடைசியாக இருந்தது அது. ‘நாவல் – லண்டன் – ஏஜெண்ட் வேண்டுதல்.’ பச்சை நாடா போட்டுக் கட்டியிருந்தது. பக்கங்களுக்கு வரிசை எண் வேறு.

பதினொரு கடிதங்களின் கார்பன் நகல்கள். விலாசம் மட்டும்தான் மாறியிருந்தது. அரசு அலுவலக ஆங்கிலம். பொருள்: நாவல் ஒன்றுக்கு ஏஜெண்ட் வேண்டி மனைவி அளித்த விண்ணப்பத்தைப் பரிந்துரைத்து அனுப்புதல், தொடர்பாக. பார்வை: அவர் தேதியிடாத கடிதம். அதன் கீழே எண் போட்டு வரிசையாக. விண்ணப்பதாரரைக் கடந்த இருபத்திரண்டு வருடங்களாக எனக்கு நேரடியாகத் தெரியும். அவர் நன்னடத்தை உள்ளவர். மேற்படி நாவலை அவர் அலுவல் நேரத்தில் எழுதவில்லை, தன் சொந்த நேரத்தில்தான் எழுதினார் என்று உறுதியளிக்கிறேன். அத்தியாயம் ஒன்று முதல் மூன்று வரையிலான ஐம்பத்தொரு பக்கங்களும் அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியிடம் காட்டப்பட்டு, உண்மை நகல் என்று சான்று பெறப்பட்டுள்ளன.

சாந்தகுமாரி நெற்றியில் அடித்துக்கொண்டாள். நாவலுக்கு உண்மை நகலாம்! மார்க்ஷீட்டுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் வாங்குவது போல, ஒவ்வொரு பக்கத்திலும் வட்ட முத்திரை குத்தி, பச்சை மையில் ஒரு அதிகாரியின் கையெழுத்து! ஐம்பத்தொன்றைப் பதினொன்றால் பெருக்கினால் ஐந்நூற்று அறுபத்தொரு கையெழுத்து. மடத்தனத்தில்கூட இத்தனை உழைப்பா? பக்கத்துக்கு இருபத்தைந்து வரி, ஓரத்தில் ஒரு அங்குலம் இடம் என்று அளந்து அளந்து அவள் வைத்த அந்த வெள்ளை ஓரங்களில்தான் குத்தியிருப்பார்கள். ஏழு பேர் துண்டுச் சீட்டு அனுப்பியதற்கு இப்போது காரணம் தெரிந்துபோயிற்று. பைத்தியக்காரக் குடும்பம் என்று நினைத்திருப்பார்கள்.

ஏழாவது எண்ணுக்கு வந்தபோது அவள் அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். ‘முழுப் பிரதியின் 212-ஆம் பக்கத்தில் வரும் தூக்குப் பாத்திரம் எங்கள் வீட்டில் இப்போதும் நல்ல நிலையில் உள்ளது. தேவைப்பட்டால், முன்னறிவிப்புடன், எந்த வேலை நாளிலும் நேரில் பார்வையிடலாம்.’

அவர் படித்திருக்கிறார். வாசலில் நின்று டீ வேணுமா என்று கேட்ட மனிதர், அவளுக்குத் தெரியாமல் நானூறு பக்கத்தையும் எடுத்துப் படித்திருக்கிறார். சாந்தகுமாரி சமையலறைக்குப் போய் மேல் அலமாரியை அண்ணாந்து பார்த்தாள். பித்தளைத் தூக்கு, மூடியில் ஒரு நசுங்கல், உள்ளே பழைய புளி. அதைத்தான் லண்டனில் விசேஷமாகப் போற்றுகிறார்களாம். டீ குடித்துக்கொண்டே சுவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

ஆறரை மணிக்கு உத்தமன் வந்தார். சிவாஜிநகரில் பஸ் மாறி, நின்றுகொண்டே வந்த கசங்கல் சட்டையில் தெரிந்தது. வாசலிலேயே எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். “ஏதாச்சும் வந்துச்சா?”

“வந்துச்சு,” என்று சாந்தகுமாரி பச்சை நாடா கட்டிய கோப்பை நீட்டினாள். “இது என்ன?”

“ஆபீஸ் காப்பி.” செருப்பைக் கழற்றியபடியே சொன்னார். அதில் வெட்கம் எதுவும் இல்லை.

“யாரைக் கேட்டு எழுதினீங்க?”

“ஃபார்வர்டிங் லெட்டர் இல்லாம எப்படி சாந்தா? வெறும் காயிதம் போனா எவன் தொடுவான்?”

“யாரும் சிபாரிசு பண்ணக் கூடாதுன்னு போட்டிருக்கு. ஆறாவது பாயிண்ட். உங்க முன்னாடிதானே படிச்சேன்? ஃபேமிலி பண்ணவே கூடாதுன்னு கோடு போட்டிருக்கான்.”

“அது சும்னே தெரிஞ்சவன் சொந்தக்காரன் எல்லாம் பொய்யா எழுதிக் குடுப்பான், அதுக்காகச் சொல்றது. நான் உள்ளதைத்தானே எழுதினேன்?”

இந்த மனிதரோடு எந்த மொழியில் பேசுவது? அவள் குரல் முன்வீட்டு டெஸ்மண்ட் வரை போயிருக்கும். “நாவலுக்கு யாராவது அட்டெஸ்டேஷன் வாங்குவாங்களா? இது என்ன ரேஷன் கார்டா? அம்பத்தோரு பக்கம்! எந்த ஆபீசர் உங்களுக்கு உக்காந்து குத்திக் குடுத்தாரு?”

“கோவிந்தப்பா சார். மொதல்ல முடியாதுன்னாரு. அப்புறம் படிக்காம சைன் பண்ண மாட்டேன்னு உக்காந்து படிச்சாரு. லஞ்சுக்குக்கூட எழுந்திருக்கல. ‘ஆமேலே ஏனாய்து உத்தமன்?’னு இன்னைக்கு வரைக்கும் கேக்குறாரு. அப்புறம் என்ன ஆச்சு, நாலாவது அத்தியாயம் எங்கன்னு. நான்தான் குடுக்கல.”

“ஏன்?”

“உன்னைக் கேக்காம எப்படிக் குடுக்கறது?”

சாந்தகுமாரிக்குச் சிரிப்பதா, கோப்பை அவர் தலையிலேயே போடுவதா என்று தெரியவில்லை. கடல் தாண்டிப் பதினொரு பேருக்கு எழுத அவளைக் கேட்கவில்லை. பக்கத்து அறையில் இருக்கும் அதிகாரிக்கு ஒரு அத்தியாயம் கொடுக்க அவளுடைய அனுமதி வேண்டுமாம். ஆனால் இந்த முத்திரைப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்திருப்பதுதான் இன்னும் எரிச்சல். தங்கவயலிலிருந்து பதினெட்டு வயதில் முதல் வேலைக்காக, அம்மா வாங்கிக் கொடுத்த டிக்கெட்டில் பெங்களூருக்கு வந்தவரை, நகலில் சான்று முத்திரை இல்லை என்று ஒரு குமாஸ்தா திருப்பி அனுப்பினான். ஒரு வருஷம் போயிற்று. அந்த ஒரு வருஷம் அவர் சிவாஜிநகரில் துணிக்கடை மூட்டை இறக்கினார். அதற்குப்பின் முத்திரை இல்லாமல் ஒரு காகிதத்தையும் அவர் வெளியே அனுப்பியதில்லை. அவளுடைய நாவல் அப்படித் திரும்பி வந்துவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறார். இதற்காக ஒரு மனிதரைத் திட்டவும் முடியவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

அவர் மேஜைமேல் கிடந்த லண்டன் கடிதத்தை எடுத்து, உதடு அசைய, மெதுவாகப் படித்தார். படிக்கப் படிக்க முகம் விரிந்துகொண்டே போனது.

“பாத்தியா,” என்றார். “ஆபீஸ் மொத்தத்துக்கும் அளவில்லாத சந்தோஷம்னு எழுதியிருக்கான். என் லெட்டரை சுவத்துல ஒட்டியிருக்கானாம். பதினோரு பேர்ல இந்த பெர்னார்டாவது ஒழுங்காப் படிச்சிருக்கான் பாரு. கடைசி ஆளுக்கு இன்னும் கொஞ்சம் விவரமா எழுதிடலாம். நாளைக்கு இதைக் கோவிந்தப்பா சார்கிட்ட காட்டணும்.”

அங்கே விட்டிருக்கலாம். அந்த ஆனந்தத்தோடு அவர் கை கால் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட்டிருப்பார். நாளைக்கு அலுவலகம் முழுக்கக் காட்டியிருப்பார். அதைத்தான் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அங்கே யாராவது ஒருத்தனுக்கு இந்த ஆங்கிலத்தின் தொனி தெரிந்திருந்தால்?

“அது சந்தோஷம் இல்லீங்க,” என்றாள். “சிரிச்சிருக்காங்க. முத்திரையைப் பாத்து, தூக்கைப் பாத்து, உங்களைப் பாத்து. விளையாட்டுக்கு ஒட்டி வெச்சிருக்காங்க.”

உத்தமன் கடிதத்தை மறுபடி பார்த்தார். அதே வரிகள்தான். ஒரு சொல்கூட மாறவில்லை. அதை மடித்தார், பிரித்தார், மேஜைமேல் வைத்தார்.

“எதுக்குச் சிரிக்கணும்?” என்று கேட்டார். வாதம் செய்கிற குரல் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். “பொய் ஒண்ணும் எழுதலையே. தூக்கு இருக்குதானே?”

இருபது வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள். எந்த வரியில் எந்த எள்ளல் ஒளிந்திருக்கிறது என்று கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டியவள். பீன்ஸை நறுக்கப் போனாள். நறுக்க நறுக்க லண்டன்மேல் கோபம் கோபமாக வந்தது. நாவல் பிடிக்கவில்லையா, சரி, அது அவர்கள் உரிமை. இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? அவள் புருஷனை அவள் திட்டுவாள். அவள் நெற்றியில் அடித்துக்கொள்வாள். அந்த உரிமையை எவன் பெர்னார்டுக்குக் கொடுத்தது?

அடுத்த மூன்று நாட்கள் உத்தமன் வாசலில், “ஏதாச்சும் வந்துச்சா?” என்று கேட்கவில்லை. செருப்பைக் கழற்றினார், கால் கழுவினார், பேப்பர் படித்தார். அந்தக் கேள்வியே ஒரு தொல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு, அது இல்லாத வீடு என்னவோ போல் இருந்தது. கோப்பு அலமாரிக்குத் திரும்பிப் போய்விட்டது. அதில் லண்டன் கடிதத்தையும் சேர்த்து வரிசை எண் போட்டிருந்தார். அதுதான் முறையாம்.

சனிக்கிழமை பள்ளி அரை நாள். பன்னிரண்டாவது உறையை அவளே தயார் செய்தாள். ஒரே பக்கக் கடிதம், மூன்று அத்தியாயம், சுத்தமான வெள்ளை ஓரங்கள், தன் கையெழுத்தில் பதில் உறை. இது போய், இதுவும் துண்டுச் சீட்டோடு வந்தால் பரண்தான். அதில் மாற்றமில்லை. “ஜி.பி.ஓ.வுக்கு நானே போறேன்,” என்றாள். உத்தமனுக்கு இரண்டாம் சனிக்கிழமை லீவு. அவர் தலையாட்டினார். அவள் செருப்பு மாட்டும்போது நான்காக மடித்த ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார்.

“சீல் இல்ல. நம்பர் போடல. வேணும்னா உள்ள வை. வேணாம்னா கிழிச்சுப் போட்டுடு,” என்றார். தன் கடிதம் திரும்பி வந்த ஆள் மாதிரி நின்றார்.

மறுபடியும் கடிதமா! அவளுக்கு வந்த கோபத்தில் அதைக் கைப்பையில் திணித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். சிவாஜிநகரில் பஸ் மாறி, ஜன்னலோரம் இடம் கிடைத்த பின்தான் பிரித்தாள். கிழிப்பதற்கு முன் ஆங்கிலத்தில் எத்தனை பிழை என்று பார்க்கலாம் என்ற வாத்தியார் புத்தி. பாதிப் பக்கம்கூட இல்லை. பொருளும் இல்லை, பார்வையும் இல்லை.

‘ஐயா, இதை எழுதியவரின் கணவன் நான். என் தந்தை சுரங்கத்திலிருந்து மேலே வரவில்லை. அப்போது எனக்கு ஆறு வயது. அன்று இரவு என் தாய் அங்கே எப்படி நின்றார் என்று என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். 212-ஆம் பக்கத்தில்தான் நான் அதைத் தெரிந்துகொண்டேன். அலுவலகத்தில் படித்தேன். அன்று மதியத்துக்குமேல் என்னால் கோப்புகளைப் பார்க்க முடியவில்லை. வேறு ஒன்றும் கேட்கவில்லை. தங்கள் உண்மையுள்ள.’

பஸ் ஒரு சிக்னலில் நின்றது, கிளம்பியது. இரண்டு பிழைகள் இருந்தன. பைக்குள் இருந்த சிவப்புப் பேனாவை அவள் எடுக்கவில்லை. எல்லாரும் யோசனை சொல்லி அவள் அனுப்பிய நாவலை, யாரும் யோசனை சொல்லாமலே படித்த ஒருவர் நடுப்பகலில் கோப்பை மூடிவிட்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். இந்த மனிதர் இதை அவளிடம் வாயைத் திறந்து சொன்னால் என்ன? அதற்கும் லண்டனுக்குத்தான் மனுப் போட வேண்டுமா? கண்ணில் நீர் வந்தது. அதிலும் பாதி எரிச்சல்தான்.

ஜி.பி.ஓ.வில் கூப்பன் கவுண்டரைக் கண்டுபிடிக்க அவளுக்கு அரைமணி ஆயிற்று. கடைசி மூலையில், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். காந்தா என்று பெயர்ப்பலகை. சர்வதேசக் கூப்பன் என்றதும் நிமிர்ந்து பார்த்தார். இந்தப் பெரிய ஊரில் அதைக் கேட்டு வருகிறவர்கள் இரண்டு பேருக்குமேல் இருக்க மாட்டார்கள் போல.

“லண்டனா? உத்தமன் சாரு மிஸ்ஸஸா நீங்க?” கன்னடம் கலந்த தமிழ். “சாரு யாக்கே வரல? உடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்காரு. இன்னைக்கு நான் வந்தேன்.”

“நீங்கதானே கதை எழுதறது?” காந்தா கூப்பன் புத்தகத்தை எடுத்துவிட்டுக் கிழிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டார். “ஒண்ணு கேக்கறேன். அந்த ஆளு மேலே வந்தானா இல்லையா? சாரு ஒவ்வொரு வாட்டியும் கொஞ்சம் சொல்லுவாரு. அந்தம்மா சோத்தைப் புடிச்சிக்கிட்டு நின்னாங்க, அது வரைக்கும் சொல்லிட்டாரு. அதுக்கு மேலே கேட்டா, அது அவங்க கதை, நான் சொல்லக் கூடாதுன்னு கூப்பனை வாங்கிட்டுப் போயிடறாரு. மூணு மாசமாச்சு.”

சாந்தகுமாரிக்குப் பின்னால் வரிசையில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

“வரல,” என்றாள்.

காந்தாவின் கை நின்றது. “அய்யோ,” என்றார் மெதுவாக. “அந்தம்மா?”

“விடியற வரைக்கும் நின்னாங்க. அப்புறம் அந்தச் சோத்தை வீட்டுக்கு எடுத்துட்டு வந்து பையனுக்குப் போட்டாங்க. அவனுக்கு ஆறு வயசு. பசிச்சவன், சாப்பிட்டுட்டான்.”

காந்தா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். பின்னாலிருந்தவர், “மேடம், பேகா” என்று அவசரப்படுத்தினார். “சும்னிரி சார், ஒந்து நிமிஷா,” என்று காந்தா அவரை ஒரு போடு போட்டுவிட்டுக் கூப்பனைக் கிழித்து, அதற்கான இடத்தில் தேதி முத்திரை குத்தி நீட்டினார்.

கவுண்டர் மேஜையின் ஓரத்தில் பசைக் கிண்ணம் இருந்தது. எத்தனை பேர் விரல் பட்டதோ, ஓரமெல்லாம் கறுத்திருந்தது. சாந்தகுமாரி கூப்பனை உறைக்குள் வைத்தாள். உத்தமனின் தாளையும் பையிலிருந்து எடுத்தாள். உறையின் வாய் திறந்தே இருந்தது. வைத்தால், யாராவது ஒரு நல்ல ஆத்மா படித்துவிட்டு முழு நாவலையும் கேட்டு எழுதலாம். அல்லது இன்னொரு சமையலறையில் இன்னொரு சுவர், அதைச் சுற்றி டீக்கோப்பையோடு நாலு பேர். நாவல் போகட்டும், அது அடி வாங்கிப் பழகிவிட்டது. இதை அவர்கள் கையில் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. தாளை நான்காகவே மடித்துக் கைப்பையின் உள்ஜிப்பில் போட்டாள். திங்கட்கிழமை கோவிந்தப்பா சாருக்கு நாலாவது அத்தியாயத்தைக் கொடுத்தனுப்ப வேண்டும், கையெழுத்துப் போடாமல் சும்மா படிக்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். பசையைத் தடவி உறையை ஒட்டி, ஓரங்களை நகத்தால் அழுத்தினாள்.

காந்தா உறையை எடைபோட்டு, தபால்தலைகளை வரிசையாக ஒட்டி, முத்திரையை மைத்தட்டில் ஒற்றி எடுத்தார்.

“மேடம்,” என்றாள் சாந்தகுமாரி. “கொஞ்சம் அழுத்திக் குத்துங்க. நல்லாத் தெரியணும்.”

காந்தா அவளை ஒரு தரம் பார்த்தார். பிறகு நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, மொத்த உடம்பின் கனத்தையும் தோளுக்குக் கொண்டுவந்து குத்தினார். மேஜை அதிர்ந்தது, பசைக் கிண்ணம் ஒரு விரற்கடை நகர்ந்தது. தபால்தலைகளின்மேல் வட்டம் முழுசாக விழுந்திருந்தது. ஊர்ப் பெயர், தேதி, மணி, ஒரு எழுத்துக்கூட மங்காமல். சாந்தகுமாரி குனிந்து அதைப் படித்துப் பார்த்தாள். மை இன்னும் ஈரமாக மின்னிக்கொண்டிருந்தது.